பாரவண்டியைத் தாங்கும் காற்று

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்ததும், ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பின்புறம் தாழ்ந்து, முகம் நிமிர்ந்து போகும். இரவில் அதன் முன்விளக்கு, எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும்.

வண்டிக்கு அடியில் அடுக்கடுக்காக உள்ள எஃகுப் பட்டைகள் பாரத்தால் வளைவதே இதற்குக் காரணம். ஹூக் விதியை நினைவுகொள்ளுங்கள். காலி வண்டியில் 4 செ.மீ. தாழும் பட்டை, எடை மூன்று மடங்கானால் 12 செ.மீ. தாழும். இனி, புவியீர்ப்பு முடுக்கத்தைத் தாழ்ச்சியால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28ஆல் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். காலி வண்டிக்கு வினாடிக்கு 2.5, பாரவண்டிக்கு 1.4. காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுவது இதனால்தான். தாழ்வைத் தடுக்க இன்னொரு பட்டை சேர்த்தால், காலியாக வரும்போது உதறல் இன்னும் மோசமாகும்.

இங்கேதான் காற்று கைகொடுக்கிறது. பட்டைகளைக் கழற்றாமல், பின் அச்சுக்கும் சேஸுக்கும் இடையே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் காற்றுப் பைகளைப் பொருத்துகிறார்கள். கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. 20 மூட்டை 800 கிலோ. இந்தச் சுமை முழுதும் பின் அச்சின்மேல் விழுவதாகவும், பை ஒவ்வொன்றின் பயன்படு பரப்பு 200 ச.செ.மீ. என்றும் கொள்வோம். ஒரு பையின் பங்கு 400 கிலோ. ச.செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தத்தைக் கூட்டினால் போதும், வண்டி பழைய உயரத்துக்கே வந்துவிடும்! சைக்கிள் பம்பால்கூட எட்டக்கூடிய அழுத்தம் இது.

உயரம் மாறாததால் பையின் கன அளவும் மாறவில்லை. உள்ளே அழுத்தம் மட்டும் உயர்ந்திருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறிப் பையை அமுக்கும்போது, அழுத்தம் மிகுந்த காற்று அதற்கேற்ப அதிக எதிர்விசை தரும். அதாவது, பாரத்தோடு விறைப்பும் கூடுகிறது. எஃகுக்கு இந்தக் குணம் இல்லை. (பாயில் விதி இங்கே அப்படியே பொருந்தாது. வேகமான குலுக்கலில் வெப்பம் வெளியேற நேரமில்லை. அதனால் விறைப்பு ஏறத்தாழ 1.4 மடங்காகிறது.) பெரம்பூர் தொழிற்சாலையில் 2018இல் உருவான முதல் வந்தே பாரத் ரயிலின் பெட்டிகளும் இத்தகைய காற்று வில்களின் மேல்தான் அமர்ந்துள்ளன.

பொருத்துவதில் கவனம் தேவை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது; உறுதியான தாங்கிகள் வேண்டும். பை டயரிலோ பிரேக் குழாயிலோ உரசக்கூடாது. சைலன்சரின் சூடும் படக்கூடாது. காற்றுக்குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். காலி வண்டியிலும் பையில் குறிப்பிட்ட குறைந்தபட்சக் காற்று இருக்கவேண்டும். இல்லையேல் ரப்பர் மடிந்து நசுங்கும்.

வண்டி நிமிர்ந்து நிற்கிறதே என்று பத்து மூட்டை கூடுதலாக ஏற்றுகிறவர்கள் உண்டு. பை உயர்த்தியது வண்டியின் உடலைத்தான். அச்சு, டயர், பிரேக் எதன் வலிமையும் கூடவில்லை. 2019 திருத்தத்தின்படி அதிகபாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். சில வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே ஒரு வால்வு பின் பிரேக்குக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும். பை தூக்கி நிறுத்திய வண்டியைக் காலி வண்டி என்று அது எடுத்துக்கொண்டு விசையைக் குறைத்துவிடும். எனவே பை மாட்டிய அன்றே, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் அந்த வால்வையும் சோதித்துச் சரிசெய்ய வேண்டும்.