ஆற்றங்கரைக் கலைக்கூடம்

ஸ்பெயின் நாட்டின் வடபால், பாஸ்க் நிலப்பகுதியில், நெர்வியோன் என்னும் ஆற்றின் இருகரையிலும் அமைந்துள்ளது பில்பாவோ நகரம். இரும்பும் கப்பலுமே அதன் வாழ்வாக இருந்தன. கரையெங்கும் உலைக்கூடங்களும் கப்பல் கட்டும் துறைகளும் சரக்குக் கிடங்குகளும் நெருங்கி நின்றமையால், நகர மாந்தர் தம் ஆற்றை அணுகுவதும் அரிதாயிற்று. ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்து ஆறு கறுத்து ஓடியது.

1980ஆம் ஆண்டுகளில் அத்தொழில்கள் நலிந்தன. 1983 ஆகஸ்டில் பெருவெள்ளம் நகரைப் பாழாக்கியது. துறைகள் மூடப்பட்டன, பல்லாயிரவர் வேலை இழந்தனர். இந்நிலையில், அமெரிக்காவின் குகன்ஹைம் அறநிலையத்தோடு சேர்ந்து ஒரு கலைக்கூடம் எழுப்பப் பாஸ்க் ஆட்சியினர் 1991இல் துணிந்தனர். கட்டடச் செலவு மட்டும் ஏறத்தாழ 10 கோடி டாலர். வேலையற்றோர் நிறைந்த ஊருக்கு ஓவியக்கூடம் எதற்கு என்று வினவினோர் பலர். அவ்வினா முறையற்றது அன்று.

முதலில் காட்டப்பட்ட இடம் ஊர் நடுவே இருந்த பழைய மதுக் கிடங்கு. அதனைக் கண்ட கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி, ஆற்றின் வளைவில் பாழ்பட்டுக் கிடந்த நிலமே தக்கது என்றார். பின்னர் மூவர் அளித்த வரைவுகளுள் அவருடையதே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆயினும் அந்நிலம் எளிதில் வசப்படுவது அன்று. நகரத் தெருக்களைவிட ஆற்றங்கரை 16 மீட்டர் தாழ்ந்திருந்தது. லா சால்வே என்னும் பெரும்பாலம் வேறு அதன் குறுக்கே சென்றது. பிறர் பாலத்தை விட்டு விலகிக் கட்டியிருப்பர். கெரியோ, ஏறத்தாழ 130 மீட்டர் நீளமுள்ள பெருங்கூடம் ஒன்றைப் பாலத்தின் அடியிலே நீட்டி, அதற்கப்பால் ஒரு கோபுரத்தையும் எழுப்பினார். இடையூறாக நின்ற பாலம் கட்டடத்தின் ஓர் உறுப்பே ஆயிற்று! பெருங்கட்டடங்களுக்குப் படியேறிச் செல்வது உலக வழக்கு; இங்கோ, தெருவிலிருந்து அகன்ற படிகளில் இறங்கியே வாயிலை அடைதல் வேண்டும். தாழ்ந்த கரையில் நிற்பதனால், 50 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தும் அஃது அயல் மாடங்களை அடக்கி நிற்கவில்லை.

சுவர்கள் நேராக நில்லாமல் வளைந்து நெளிந்து செல்வன. அவற்றைக் கணித்தற்குப் பிரெஞ்சு நாட்டில் விமானம் அமைப்பதற்கென ஆக்கப்பட்ட கணிப்பொறி முறை பயன்பட்டது. மேலே போர்த்தியவை ஏறத்தாழ 33,000 டைட்டேனியத் தகடுகள். மீனின் செதில் போன்ற அத்தகடுகள் மழைநாளில் ஒரு நிறமும் வெயில்நாளில் மற்றொரு நிறமும் காட்டும். 1997 அக்டோபர் 18ஆம் நாள் கூடம் திறக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து கண்டனர்.

இதனைக் கண்டு, வியத்தகு கட்டடம் ஒன்று எழுப்பினால் நலிந்த ஊர் தழைக்கும் எனப் பிற நகரத்தார் சிலர் எண்ணினர். அவர்கள் தகட்டின் ஒளியைக் கண்டனரேயன்றி, நிலத்தடிக் குழாய்களைக் கண்டாரில்லை. கூடம் எழுவதற்கு முன்பே சாக்கடை நீரைத் தூய்மையாக்கும் பெரும்பணி தொடங்கியிருந்தது. அதற்கான செலவு கூடத்தின் செலவினும் பன்மடங்கு மிகுதி. நிலத்தடி இரயில் 1995இல் ஓடத் தொடங்கியது. துறைமுகமும் கடல்வாய் நோக்கிப் பெயர்ந்து, கரையை மக்களுக்கு விட்டது.

இன்று கூடத்துக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு நடைபாதை செல்கிறது. கட்டணம் செலுத்தி ஓவியம் காண வருவோர் உள்ளே செல்வர். மாலையில் உலாவ வரும் முதியோரும், பள்ளி விட்டு வரும் சிறுவரும் அப்பாதை வழியே நடந்து செல்வர். அவர்களுக்கு மேலே, பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்.