ஆசிரியர் கற்பதற்கான நிதி

பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கிடைத்தால் ஊருக்கே தெரியும். ஆசிரியர் கற்பதற்கென்று ஒரு நிதி வந்தால் அது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் மலையகப் பாடசாலைகளின் வரலாற்றில் கட்டடங்களை விட இந்த இரண்டாவது நிதியே கூடுதலான பலனைத் தந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் பல தோட்டங்களில் ஒரே மண்டபமும் ஒரே ஆசிரியருமே இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் சுவீடனின் சீடா நிறுவனம், பெருந்தோட்டப் பாடசாலைகளின் கல்வி அபிவிருத்திக்கு நிதி வழங்கியது. வகுப்பறைகள் வந்தன. அவற்றோடு, பயிற்சி பெறாமலே படிப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பயிற்சியும் வந்தது. பின்னர் ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் ஆசிரியர்களாகத் தோட்டத்துக்கே திரும்ப அது வழி செய்தது.

இவை நன்கொடைகள். உலக வங்கி 2018இல் எமது பொதுக் கல்விக்கென அங்கீகரித்த 10 கோடி டொலர் அப்படியல்ல, அது கடன். இரண்டையும் "உதவி" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். கடன் என்றால் திருப்பிச் செலுத்தப்போவது எங்கள் தலைமுறைதான். ஆகவே அது எப்படிச் செலவாகிறது என்று கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை முன்னிட்டு 2023இல் இந்தியா 75 கோடி இந்திய ரூபா நன்கொடையை அறிவித்தது. அதன் கீழ் அங்கிருந்து 19 பயிற்றுநர்கள் வந்து, தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு விஞ்ஞான, கணிதப் பாடங்களில் பயிற்சியளித்தார்கள். நல்ல காரியம். ஆனால் செயலமர்வு முடிந்து, சான்றிதழும் கோப்பும் கையுமாக ஆசிரியர் பாடசாலைக்குத் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது?

பதுளையில் என்னோடு டியூசன் வகுப்புக்கு வரும் தோழி ஒருத்தி தோட்டத்திலிருந்து வருகிறாள். சாதாரண தரம் வரை பரிசோதனைக் குழாயைப் படத்தில்தான் பார்த்தாளாம். அவளுக்குப் படிப்பித்த ஆசிரியை பயிற்சி பெற்றவர், கெட்டிக்காரி. ஆனால் அந்தப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு அவர் ஒருவர்தான். அவரும் இடமாற்றம் பெற்றுச் சொந்த மாவட்டத்துக்குப் போனபோது பயிற்சியும் அவரோடு பஸ் ஏறிவிட்டது.

பாடசாலை மட்டத்திலேயே ஆசிரியரை வளர்க்கும் முறை இதற்காகத்தான். ஜப்பானில் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் இது. ஒரே பாடத்தின் ஆசிரியர்கள் இருவர் மூவர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். உதாரணமாக, மின்சுற்று. ஒருவர் படிப்பிக்க, மற்றவர்கள் பின்னால் அமர்ந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் விழிக்கிறார்கள் என்று பார்த்து, பாடத்தைத் திருத்தி அடுத்த வகுப்பில் மீண்டும் படிப்பிப்பார்கள். செலவு வயர், மின்குமிழ், பற்றரி, போட்டோக் கொப்பி அளவுதான். ஒருவர் போனாலும் திருத்திய பாடக்குறிப்பும் பொருட்களும் பாடசாலையில் தங்கும்.

தோட்டத்தில் இதற்கு ஒரு தடை உண்டு. ஒரே விஞ்ஞான ஆசிரியர் யாரோடு அமர்ந்து திட்டமிடுவார்? பசறை, நமுனுகுலைப் பக்கத்துப் பாடசாலைகள் நாலைந்து ஒன்று சேர வேண்டும். அப்போது மானியத்தின் பெரும் பகுதி பஸ் கட்டணத்துக்கே போகும். அதை வீண்செலவு என்று வெட்டிவிடக் கூடாது. 2015 அளவில் தோட்டங்களுக்கு நியமிக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் அதிகமான ஆசிரிய உதவியாளர்களுக்கு மாதக் கொடுப்பனவு ஆரம்பத்தில் 6,000 ரூபாதான். அந்த நிலையில் உள்ளவரிடம் பயணச் செலவைச் சொந்தப் பையிலிருந்து போடச் சொல்வது நியாயமா?

பெற்றோர்களே, 2006இல் ஆரம்பித்த பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின்படி, பாடசாலையின் அபிவிருத்தித் திட்டத்தைத் தீர்மானிப்பதில் உங்களுக்கும் இடமுண்டு. ஆனால் கூட்டங்களில் பேசப்படுவது கேற்றும் வர்ணப்பூச்சும்தான். எங்கள் வீட்டிலிருந்து கூட்டத்துக்குப் போவது உம்மா. இம்முறை அவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "ஆசிரியர் விருத்திக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், எந்தப் பாடத்துக்கு?"