பிலிம் சுருளில் ஒரு முகூர்த்தம்

பிலிம் கேமராவைக் கொண்டு கல்யாணங்களைப் படமெடுத்துச் சுயதொழிலாக ஜீவனம் நடத்த விரும்புகிறவர், கேமராவின் நுட்பங்களைக் கற்பதற்கு எவ்வளவு சிரத்தை காட்டுகிறாரோ அவ்வளவு சிரத்தையை விவாகச் சடங்குகளின் கிரமத்தை அறிவதிலும் காட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. மாங்கல்யதாரணமோ ஒரே தடவைதான் நடக்கும்.

ஆகையால் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே பெண் வீட்டுக்குச் சென்று, ஊஞ்சல் உண்டா, காசி யாத்திரை உண்டா, தாலி கட்டும்போது மணமகள் தகப்பனார் மடியில் அமர்வாளா, மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவாரா அல்லது பின்னிரண்டையும் நாத்தனார் போடுவாரா என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாத்தனார் போடுவதாயின் அவர் மணமகளின் பின்னால் வந்து நிற்பார். அதை அறியாமல் அப்பக்கம் இடம் பிடித்தவருக்கு முடிச்சே தெரியாது.

பண விஷயத்தையும் அன்றே பேசி முடித்து, பிலிமுக்கும் லேப் செலவுக்கும் போதுமான தொகையை அட்வான்ஸாக வாங்கிவிடுங்கள். உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ‘இந்து’ பிலிம் தயாரித்த காலம் போய்விட்டது. இன்று வெளிநாட்டுச் சரக்கையே நம்பியிருக்கிறோம். இத்தனை படம் தருவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மண்டபத்துக்குள் 400 வேகமுள்ள பிலிமே உகந்தது: கலருக்குக் கோடக் போர்ட்ரா 400, கறுப்பு வெள்ளைக்கு இல்போர்ட் எச்.பி.5 பிளஸ். ஃபிரிட்ஜில் இருக்கும் சுருள்களை முதல்நாள் மாலையே வெளியே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் வையுங்கள். குளிர்ந்த பிலிமைச் சட்டென்று திறந்தால் அதன்மேல் ஈரம் படியும். கேமரா இரண்டு வேண்டும். சுருளை மாட்டியதும், பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை மெல்லத் திருகித் தொய்வை நீக்கிவிட்டு நெம்புகோலைத் தள்ளுங்கள். அப்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் பிலிம் பற்களில் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்க்கத் தவறி ஒரு நலங்கு முழுவதையும் நான் இழந்தேன். வெறும் சுருளோடு அந்தத் தாயாரின் முன் நின்ற வேதனை இன்றும் ஆறவில்லை.

வெண்பட்டு வேஷ்டியும் சரிகையும் லைட் மீட்டரை ஏமாற்றிவிடும்; அது சொல்வதை அப்படியே கேட்டால் மாநிற முகங்கள் இருண்டுபோகும். முகத்தருகே ஒளியை அளந்து, சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதலாகவே கொடுங்கள். கலர் நெகட்டிவ் அதிக ஒளியைப் பொறுக்கும், குறைந்த ஒளியைப் பொறுக்காது. ஹோமப் புகை எழும்போது நேர் ஃபிளாஷ் போட்டால் புகையே வெள்ளைத் திரையாகிவிடும். அங்கே இருக்கிற வெளிச்சத்தையே நம்புங்கள்.

பிரதானமான கட்டத்துக்கு வருகிறேன். மாங்கல்யத் தட்டு பெரியோர்களின் ஆசிக்காகச் சபையில் சுற்றி வரப் புறப்பட்டதும், பழைய சுருளில் பத்துப் படம் மிச்சமிருந்தாலும் அதை எடுத்துவிட்டுப் புதிய சுருளை மாட்டுங்கள். பத்துப் படம் வீணாகிறதே என்று மனம் கேட்காது. ஆயினும் மாற்றியே ஆக வேண்டும். தட்டு திரும்பி வந்து, சாஸ்திரிகள் கையசைத்துக் கெட்டிமேளம் முழங்கியதும், சபை முழுவதும் அட்சதை தூவ எழுந்து நிற்கும். கீழே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஆதலால் மேடையில் உங்கள் இடத்தைச் சாஸ்திரிகளிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். கையால் தள்ளித் தள்ளி எடுக்கும் கேமராவில் அந்த க்ஷணத்துக்குள் ஐந்தாறு படங்களே அகப்படும். மாப்பிள்ளையின் விரல்கள், முடிச்சு, பிறகு பெண்ணைப் பெற்றவரின் முகம் என்று வரிசையை மனத்தில் முன்பே வகுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்த சுருள்களுக்கெல்லாம் அங்கேயே எண்ணிட்டு, இரண்டு பங்காகப் பிரித்து, இரு தனிப் பார்சல்களாக லேபுக்கு அனுப்புங்கள். ஒன்று வழியில் தவறினாலும் மற்றொன்று மிஞ்சும். கலர் டெவலப்பர் ஏறக்குறைய 38 டிகிரி செல்ஷியஸில் 3 நிமிஷம் 15 விநாடி வேலை செய்ய வேண்டியது; வெப்பம் சிறிது பிசகினாலும் வர்ணம் பிசகும். ஆகவே பிலிமை இடைவிடாமல் கழுவிவரும் லேபையே நாடுங்கள்.

நெகட்டிவ்களைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும்போது, அவற்றைப் பட்டுப்புடவைகளோடு பீரோவில் வைக்க வேண்டாமென்று தயவுசெய்து சொல்லிவிட்டு வாருங்கள். அந்துருண்டையின் ஆவி பிலிமுக்கு ஆகாது.