பருவமும் மனையும்

ஆண்டு முழுவதும் தட்பவெப்பம் ஒரே தன்மையதாக உள்ள நாட்டில் ஒருவகை மனையே எக்காலத்துக்கும் போதியதாகும். சித்திரையில் கடுவெயிலும், ஐப்பசியில் அடைமழையும், மார்கழியில் பனியும் மாறிமாறி வரும் பாண்டிநாட்டிலோ, மனை எவ்வாறு அமைதல் வேண்டும்?

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை இதற்கு நல்விடை தருகின்றது. மனை வகுப்போர் நண்பகலில் கோல் நட்டு, நிழலால் திசையறிந்து, பின்னரே கயிறு பிடித்து அளக்கின்றனர். அந்நூல் காட்டும் கூதிர்காலத்தில், தென்றலை வரவேற்கும் மேல்மாடத்து வேனிற்பள்ளி தாழிடப்பட்டுள்ளது. விசிறிகள் சிலந்திநூல் படிய வாளா தொங்குகின்றன. மாந்தர் கணப்பருகே குளிர்காய்கின்றனர். திசையறிந்து கட்டுதல், பருவத்துக்கேற்பத் திறத்தலும் அடைத்தலும் என்னும் இரண்டும் இதனால் விளங்கும்.

மதுரை வட அட்சம் ஏறக்குறைய 10 பாகையில் உள்ளது. ஆதலின் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் கதிரவன் நண்பகலில் உச்சிக்கு நேரே நிற்பான். அப்பொழுது வெப்பத்தை மிகுதியாக ஏற்பது கூரையே. வடசுவருக்கும் தென்சுவருக்கும் சிறு தாழ்வாரமே போதிய நிழல் தரும். கீழ்ச்சுவரிலும் மேற்சுவரிலுமோ, காலையும் மாலையும் சாய்ந்த கதிர்கள் இறவாணத்தின்கீழ் நுழைந்து தாக்கும். ஆகவே வீட்டின் நீளம் கிழக்குமேற்காக அமைதலும், மேற்கே சாளரம் குறைந்து மரநிழல் மிகுதலும் நலம். எதிரெதிர்ச் சாளரங்கள் காற்றுக்கு வழிவிடும். முற்றம் இரவில் வெப்பத்தை வானுக்கு விடுக்கும். அதனைச் சூழ்ந்த தாழ்வாரம் மழைநாளில் நடக்க உதவும். பகலில் அடைத்து இரவில் திறப்பின் கனத்த சுவர் குளிர்ச்சியைக் காக்கும்.

இக்காலத்து மெல்லிய கான்கிரீட்டுக் கூரையோ பகலெல்லாம் வெயிலை உண்டு, நாம் உறங்கும் வேளையில் அதனை உமிழ்கின்றது. செல்வர் குளிர்சாதனப் பொறியால் அதற்கு ஈடுசெய்வர். தகரக்கூரையின்கீழ் வாழும் ஏழை யாது செய்வான்? கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதலும், அதன் கீழே ஓலைத்தட்டி கட்டி இடைவெளியில் காற்றோடவிடுதலும் சிறுசெலவில் இயல்வன.

மாணவ நண்பர்காள்! பிழையாக அமைந்த மேற்சுவர் இரண்டு தலைமுறைக்கு வெம்மை தரும். திசைமாற்றிக் கட்டுதற்கோ பெரும்பாலும் மிகுசெலவில்லை. பிறநாட்டு வீட்டின் படத்தைப் பார்த்து மனை வகுக்குமுன், நம் ஊரின் வெயிலும் காற்றும் மழையும் எத்திசையினின்று வருகின்றன என்று ஓராண்டேனும் நோக்கி அறிதல் நம் கடனாகும்.