பூனைக்குட்டியின் ஈற்றைப் பாருங்கள்

ஜொகூரில் ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரமும்தான். தெள்ளுப்பூச்சிக்கு ஓய்வே கிடையாது. அதனால் வாரம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், குட்டியின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும்.

வெளிறிக் கிடந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். தெள்ளும் கொக்கிப்புழுவும் இரத்தம் உறிஞ்சியே சின்னக் குட்டியைக் கொன்றுவிடும். ரோமத்துக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் துகளை ஈர டிஷ்யூவில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். கையில் இருக்கிறதே என்று நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைத் தடவிவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

3 முதல் 6 மாதத்தில் பல் மாறும்போது ஈற்றோரம் லேசாகச் சிவப்பது சகஜம். வாய் நாறி, இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் ஊரில் ‘ஓயென்’ என்று கொஞ்சும் ஆரஞ்சுப் பூனைகளுக்கு உதட்டிலும் ஈற்றிலும் தட்டையான கறும்புள்ளிகள் வரும். கலங்க வேண்டாம், தடித்தால் மட்டும் காட்டலாம்.

ஈறு மஞ்சள் என்றால் அன்றே கிளினிக். நீலமோ பழுப்போ என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பெனடோல் மாத்திரையாலும் ஈறு இப்படி நிறம் மாறலாம். காய்ச்சலென்று நினைத்து யாராவது அதைக் கொடுத்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கும். கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.