நஞ்சும் அனிச்சைச் செயலும்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். ஆயினும் நம் நாட்டுப் பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. மனித உயிரை மிகுதியாகக் கவர்வன நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டிருப்பர் என ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. நஞ்சு நம் அனிச்சைச் செயல்களை என்ன செய்கிறது என்பதையும், மருத்துவர் அதனை எவ்வாறு அறிகிறார் என்பதையும் இங்கு விளக்க முயல்கிறேன்.

அனிச்சை வில்

முழங்கால் உதறலை வகுப்பில் படித்திருக்கிறோம். 1875ஆம் ஆண்டில் எர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர் தனித்தனியே இதனை விவரித்தனர். முழங்கால் சிப்பியின் கீழுள்ள தசைநாணைச் சிறு சுத்தியலால் தட்டினால் தொடைத்தசை இழுபடுகிறது. அச்செய்தி உணர்ச்சி நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைந்து, இயக்க நரம்பின் வழியே திரும்புகிறது, கால் உதறுகிறது. இதற்கு மூளையின் ஆணை தேவையில்லை. இவ்வில்லின் எந்தப் பகுதி பழுதுற்றாலும் கால் அசையாது. ஆனால் பழுது எங்கே என்பதைச் சுத்தியல் சொல்லாது.

நஞ்சு தாக்கும் இடம்

நரம்பு முனை அசெட்டைல்கோலைன் என்னும் பொருளைச் சுரந்து தசையை இயக்குகிறது. நல்ல பாம்பின் நஞ்சு, தசையில் அப்பொருள் சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூட்டில் வேறு சாவியை நுழைத்து அடைத்தாற்போல. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. நச்சுமுறி மருந்து இரத்தத்தில் உலவும் நஞ்சை முறிக்கும். சிதைந்த முனையைச் சீராக்காது. அது மீண்டும் வளரப் பல நாட்கள் ஆகும். அதுவரை செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும்.

விரியன் வகை இரண்டின் நஞ்சு முதன்மையாக இரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. சிறிது இரத்தத்தைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காது வைத்து, பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாது வழிந்தால் நஞ்சேறியதென அறியலாம்.

பரிசோதனையும் எச்சரிக்கையும்

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. வலி மிகக் குறைவு. பல்தடம் தெரியாமலும் போகலாம். விடியலில் வயிற்றுவலியும், தூக்கக் கலக்கம் போன்ற இமைச் சரிவும் தோன்றும். மருத்துவர் முதலில் பார்ப்பது அவ்விமைகளையே. பின் நாக்கை நீட்டவும், தலையைத் தூக்கவும், ஒரே மூச்சில் எண்களைச் சொல்லவும் பணிப்பார். எண்ணிக்கை குறையக் குறைய மூச்சுத்தசை தளர்கிறது என்பது பொருள்.

நோய் முற்றினால் முழங்கால் உதறாது, கிள்ளினாலும் அசைவிராது, கண்மணி விரிந்து, ஒளி பட்டாலும் சுருங்காது. மூளைச் சாவிலும் இவ்வடையாளங்கள் உண்டு. இங்குதான் பேராபத்து! நஞ்சு முடக்கியது தசையைத்தானே, மூளை விழித்திருக்கக்கூடும். சுற்றி நிற்போர் பேசுவதையெல்லாம் நோயாளி கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே, பாம்பு கடித்தவரிடம் இவ்வடையாளங்களை மட்டும் கொண்டு மூளை மீளாதென முடிவு செய்யலாகாது என உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டி எச்சரிக்கிறது. விரலையோ கால்விரலையோ அசைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதுவும் இயலாவிடினும் சுவாசக் கருவியை நிறுத்தலாகாது. அவ்வாறு காக்கப்பெற்று நலமுடன் வீடு திரும்பியோர் பலர்.

நம் கடமை

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை வேண்டா. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அசைவற்றுக் கிடப்பவர் இறந்தவர் என்று ஊரார் அழத் தொடங்கும்போது, “பொறுங்கள்” என்று சொல்ல ஒருவரேனும் வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருப்போம்.