நடிகரின் வாழ்க்கை புத்தகமாவது எப்படி?

சினிமாவுக்குப் பிரிண்ட் இருக்கு, யூடியூப் இருக்கு. மேடை நாடகத்துக்கு என்ன இருக்கு? விடியக்காலம் திரை விழுந்தா முடிஞ்சது. 1918-ல் மதுரையில் நடந்த ஒரு நாடகத்தை இன்னிக்கு யாராலும் பார்க்க முடியாது. நடிச்சவங்க எழுதி வெச்சிருந்தா மட்டும்தான் தெரியும். அதனால நடிகர்களின் தன்வரலாறுகளை வெறும் 'ஸ்டார் கதை'ன்னு ஒதுக்க முடியாது. அந்தப் புத்தகங்கள் பொதுவா மூன்று வழிகளில் உருவாகின்றன.

வழி 1: தானே எழுதுவது

'ஒளவை' டி.கே. சண்முகம் 1912-ல் பிறந்தவர். ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்த மதுரை பாலர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஒளவையார் வேஷம் போட்டுப் பெயரோடு பட்டமும் ஒட்டிக்கொண்டது. அவர் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' 1972-ல் வெளிவந்தது.

சிறுவன் சண்முகம் அபிமன்யுவா நடிக்கணும்னு சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது பிரபலமான செய்தி. அதை நமக்குச் சொன்னவர் சண்முகம்தான். சுவாமிகள் தன்வரலாறு எழுதவில்லை. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சும் போய், 1922-ல் காலமானார். வாத்தியார் எழுதாம விட்டதை மாணவர் எழுதினார்.

புத்தகம் வந்த அடுத்த வருஷமே, 1973-ல் சண்முகமும் மறைந்தார். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

இந்த வழியில் ஒரு சிக்கலும் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முந்தைய நினைவு வழுக்கும். அதனால அதே காலத்தைப் பற்றிய இன்னொரு புத்தகத்தையும் பக்கத்தில் வெச்சுப் படிக்கணும். சென்னையில் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 'நாடக மேடை நினைவுகள்' எழுதியிருக்கிறார். அவர் வழக்கறிஞர், படித்தவர்கள் பொழுது ஒதுக்கி நடித்த உலகம் அவருடையது. சண்முகம் சொல்வது, சின்ன வயசிலேயே வீட்டை விட்டு ஊர் ஊராகப் போய் நடித்துப் பிழைத்த பிள்ளைகளின் உலகம். ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் அந்தக் காலத்து மேடை முழுசா தெரியும்.

வழி 2: பத்திரிகைத் தொடர்

எம்.ஜி.ஆர் 1970-ல் ஆனந்த விகடனில் 'நான் ஏன் பிறந்தேன்' தொடரை ஆரம்பித்தார். தொடரில் ஒரு வசதி: வாராவாரம் கெடு இருப்பதால் எழுதியே ஆகணும். ஆபத்தும் அதுலதான் இருக்கு. வாழ்க்கை திசை மாறினா தொடரும் நின்னுபோகும். 1972 அக்டோபரில் அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். தொடரும் அந்த ஆண்டோடு நின்றது. அவர் 1987-ல் மறைந்தார். தொடர் புத்தகமா வந்ததோ 2014-ல்.

வழி 3: சொல்லச் சொல்ல எழுதுவது

சிவாஜி கணேசனின் 'எனது சுயசரிதை' கேள்வி-பதில் வடிவில் இருக்கு. கேட்டவர் டி.எஸ். நாராயணசுவாமி. சிவாஜி 2001-ல் மறைந்தார். புத்தகம் 2002-ல் வந்தது. 2007-ல் ஆங்கிலத்திலும் வந்தது. பேனா பிடிக்க நேரமில்லாதவருக்கும் இந்த வழியில் புத்தகம் சாத்தியம். ஆனா கேட்பவர் எதைக் கேட்கிறாரோ அதுதான் பதிவாகும். கேட்காதது போயே போச்சு.

நமக்கு என்ன வேலை?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரக் கிராமத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' போட்டா விடிய விடிய ஜனம் உட்கார்ந்து பார்க்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம்னு அதில் வாழ்க்கையையே கழித்த பெரியவர்கள் நம்ம ஊர்ப்பக்கம் இருக்காங்க. அவங்களைத் தேடி எந்தப் பத்திரிகையும் வரப்போறதில்லை. அவங்களுக்கு ஏற்றது மூன்றாவது வழிதான். நம்ம கையில் ரெக்கார்டர் உள்ள போன் இருக்கு.

செய்முறை:

1. முதலில் அனுமதி கேளுங்க. எதுக்குப் பதிவு செய்யறோம், எங்கே வெளியிடுவோம்னு தெளிவா சொல்லுங்க.
2. "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க தாத்தா"ன்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். "முதல் மேடை எந்த ஊர்? சம்பளம் எவ்வளவு? அன்னிக்கு ஆர்மோனியம் யார்?"னு கேளுங்க.
3. பழைய நாடக நோட்டீஸ் இருந்தா போட்டோ எடுங்க. தேதியைச் சரிபார்க்க அதைவிட நல்ல சான்று கிடையாது.
4. அவங்க பேச்சு வழக்கைத் திருத்தாம எழுதுங்க.
5. எழுதியதை அவங்களுக்கே வாசிச்சுக் காட்டுங்க. வேண்டாம்னு சொன்ன வரியை எடுத்துடுங்க.
6. ஆசிரியர் பெயரா அவங்க பெயரைப் போடுங்க. கேட்டு எழுதியவர் பெயர் கீழே வரட்டும்.

ஒரு செமஸ்டர் லீவில் ஒருத்தர் ஒரு கலைஞரைப் பதிவு செஞ்சாலே போதும். பரீட்சையை அடுத்த செமஸ்டர்லகூட அரியர் எழுதி முடிச்சிடலாம். எண்பது வயசு ஆர்மோனியக்காரர் அதுவரைக்கும் காத்திருப்பாரான்னு சொல்ல முடியாது.